மலைவண்டியின் வெப்பமானி

கேமரன் மலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் கண்டு குறித்ததிலிருந்து தொடங்குவர். அங்கிருந்து 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்ததற்கும், பிறகு தாப்பாவிலிருந்து மலைச்சாலை வெட்டப்பட்டதற்கும், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதற்கும் வருவர். இவையெல்லாம் நூல்களில் உள்ளன. அச்சாலையில் முக்கால் நூற்றாண்டாக ஏறி இறங்கும் வண்டிகளைப் பற்றியும், அவற்றை ஓட்டியும் பழுது பார்த்தும் வந்த நம்மவரைப் பற்றியும் எழுதப்பட்டது மிகக் குறைவு. நான் இங்கு எழுத எடுத்துக்கொண்டது அதனினும் சிறியது: லேண்ட் ரோவர் வண்டியின் முகப்பில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் முள். இயந்திரத்தின் வெப்பத்தைக் காட்டும் முள். இதற்கும் ஒரு வரலாறா என்று ஆசிரிய நண்பர்கள் புன்னகை செய்யக்கூடும். இந்த முள்ளின் பொருட்டு ஒரு மனிதர் பொய்யர் எனப் பட்டம் பெற்றதை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

போ தோட்டத்தின் தொடக்க காலத்தைப் பற்றிச் சொல்வோர் தொழிலாளர்களையும் கோவேறு கழுதைகளையும் ஒரே ஒரு நீராவி உருளை வண்டியையும் கொண்டு காடு திருத்தப்பட்டதாகச் சொல்வர். அந்த உருளை வண்டியிலிருந்தே நம் கதை தொடங்குகிறது எனலாம். நீராவி இயந்திரத்தில் கொதிகலனின் அழுத்தத்தைக் காட்டுவதற்கு ஒரு மானி இருக்கும். அதனை ஆக்கியவர் யூஜின் பூர்டோன் என்னும் பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1849. தட்டையாக நசுக்கப்பட்டு அரைவட்டமாக வளைக்கப்பட்ட ஒரு பித்தளைக் குழாய். அதனுள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு நிமிரப் பார்க்கிறது. அந்த நிமிர்வைச் சிறு பற்சக்கரத்தின் வழியே முள்ளுக்குக் கொடுத்துவிட்டால் மானி முடிந்தது. திருவிழாக்களில் பிள்ளைகள் ஊதி விளையாடும் சுருள் காகித ஊதியை நினைவிற் கொண்டால் இதன் தத்துவம் விளங்கிவிடும்.

மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கு வெப்பம் காட்டும் கருவி எதுவும் இருந்ததில்லை. ரேடியேட்டரில் நீர் கொதித்து ஆவி பீறிட்டால் வண்டி சூடேறிவிட்டது என்று அறிந்துகொள்ள வேண்டியதுதான். 1910ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. ரேடியேட்டரின் மூடியிலேயே ஒரு வெப்பமானியைப் பொருத்தி, அதன் சிவந்த நீர்மம் ஏறுவதை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே பார்க்கும்படி செய்தனர். அக்காலத்துப் படங்களில் வண்டிகளின் மூக்கு நுனியில் வட்டமாக ஒன்று நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். பலர் அதை அழகுக்கு வைத்ததென்று எண்ணுகின்றனர். பின்னர் வண்டியின் முன்புறம் மூடப்பட்டு, மூடி உள்ளே போனபோது அந்த வெப்பமானியும் மறைந்தது. அளவைக் காட்டும் முகம் ஓட்டுநரின் எதிரே வர வேண்டியதாயிற்று.

அப்போது பூர்டோனின் பழைய குழாய் மீண்டும் கைகொடுத்தது. இயந்திரத்தின் தலைப்பகுதியில் ஒரு செம்புக் குமிழ். அதனுள் சிறிதளவு ஈதர். குமிழிலிருந்து மயிரிழை போன்ற துளையுள்ள ஒரு நீண்ட குழாய் முகப்புவரை ஓடும். ஈதர் ஏறத்தாழ 35 பாகை சென்டிகிரேடிலேயே கொதிக்கும் இயல்புடையது. இயந்திரம் சூடாகச் சூடாக ஈதரின் ஆவியழுத்தம் ஏறும், அது முகப்பிலுள்ள வளைகுழாயை நிமிர்த்தும், முள் நகரும். உண்மையில் அது அளப்பது அழுத்தத்தை. எழுத்துப் பலகை மட்டும் வெப்பத்தைச் சொல்கிறது. மின்சாரம் சிறிதும் வேண்டாத இக்கருவி பிரிட்டிஷ் வண்டிகளில் நெடுங்காலம் வழங்கியது. இதன் குறை அந்த மயிர்க்குழாய்தான். ஓயாத அதிர்வில் அது ஏதாவதொரு மூலையில் உராய்ந்து துளைபடும். ஈதர் வெளியேறிவிட்டால் முள் குளிர்நிலையிலேயே கிடக்கும். ஒயரைப் போல முறுக்கி ஒட்டுப்போட அதில் இடமில்லை. ஈதர் எளிதில் தீப்பற்றக் கூடியதாதலால் பற்றவைக்கப் போவதும் இடரானது. அப்படிப்பட்ட வண்டிகளில் முழு மானியையே மாற்றுவார்கள். அல்லது, பெரும்பாலும், மாற்றாமலே ஓட்டுவார்கள்.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை முடிய நீடித்தது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் அத்தற்செயல் இம்மலையின் சாலைகளை மாற்றிவிட்டது. படைவீரர்களோடு அவ்வண்டிகளும் வந்தன. படை கழித்த வண்டிகளை முதலில் தோட்டங்களும் பின்னர் காய்கறி விவசாயிகளும் வாங்கினர் என்று ஊர் மூத்தோர் சொல்வர். நான்கு சக்கரமும் இழுக்கும் ஆற்றல் சேற்று மண்பாதைக்கு ஏற்றதாக இருந்தது. உடல் அலுமினியக் கலவையால் ஆனதாகையால் ஓயாத மழையிலும் அது துருப்பிடிப்பதில்லை. அடிச்சட்டம் இரும்பு, அது துருவேறும், அதையும் நம்மவர் வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டனர். 1948 முதல் 1958 வரை முதல் தொடர், பிறகு இரண்டாம் தொடர், 1971 முதல் 1985 வரை மூன்றாம் தொடர். மூன்றும் கலந்து, ஒன்றின் கதவு மற்றொன்றிலும் ஒன்றின் விளக்கு வேறொன்றிலுமாக இன்றும் பிரிஞ்சாங் சந்தைக்குக் கோசுக் கூடைகளைச் சுமந்து வருவதைப் பார்க்கலாம்.

இயந்திரத்தின் வெப்பம் மலையில் ஏன் தனிக் கவலையாகிறது என்பதை மாணவர்க்குச் சொல்லித் தர இதைவிட நல்ல இடமில்லை. கடல் மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையுச்சியில் 93. அதாவது, எந்த உயரத்தை நோக்கி இயந்திரம் மூச்சிரைக்க ஏறுகிறதோ அங்கே நீரின் பொறுமை குறைந்துகொண்டே போகிறது. இதற்காகத்தான் ரேடியேட்டர் மூடியில் வில் வைத்து, சதுர அங்குலத்திற்கு 9 அல்லது 10 பவுண்டு அழுத்தம் உள்ளே நிற்குமாறு செய்தனர். அவ்வழுத்தத்தில் கொதிநிலை பத்துப் பன்னிரண்டு பாகைக்கு மேல் உயர்கிறது. மூடியின் ரப்பர் வளையம் உலர்ந்து வெடித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. தாப்பாவிலிருந்து ஏறுகையில் லாத்தா இஸ்கந்தர் அருவியருகே வண்டிகளை நிறுத்தி இயந்திரத்தை ஆறவிட்டவர் பலர். அருவியைப் பார்ப்பதற்கென்றே நின்றதாகப் பின்னர் கதை சொன்னாலும்!

இனி மின்சார மானிக்கு வருவோம். நம் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான உலோகங்கள் சூடேறினால் மின்சாரத்துக்கு மிகுந்த தடை தரும். 1833இல் மைக்கேல் பாரடே வெள்ளிச் சல்பைடை ஆய்ந்தபோது அது மாறாக நடந்துகொள்வதைக் கண்டார். சூடேறச் சூடேற அதன் தடை குறைந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் அது ஆய்வுக்கூட வியப்பாகவே கிடந்தது. பிறகு மாங்கனீசு, நிக்கல் முதலியவற்றின் ஆக்சைடுகளைக் கொண்டு இத்தகைய வில்லைகளைச் செய்யும் முறை வளர்ந்தது. அவ்வில்லை ஒன்றைப் பித்தளைக் கூட்டுக்குள் வைத்து, மரைபோட்டு இயந்திரத்தின் நீர்வழியில் முடுக்கிவிட்டால் அதுவே வெப்ப உணரி. பட்டறையில் சென்சார் என்பர். அதற்கு ஒரே ஒரு ஒயர். திரும்பும் வழி இயந்திரத்தின் இரும்புடலே.

ஒயரின் மறுமுனையில் இருக்கும் மானிக்குள் இரு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடும், அதைச் சுற்றிய மெல்லிய சூடேற்றுக் கம்பியும் இருக்கின்றன. நீர் சூடானால் உணரியின் தடை குறையும், மின்னோட்டம் மிகும், கம்பி சூடாகும், தகடு வளையும், முள் நகரும். ஆகவேதான் சாவியைத் திருப்பியவுடன் முள் துள்ளி எழாமல் சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல எழுகிறது. வண்டி குலுங்கினாலும் அது ஆடுவதில்லை. ஆனால் மின்கலத்தின் அழுத்தம் ஏறி இறங்கினால் அதன் கணக்குத் தவறும். அதைத் தடுக்க முகப்பின் பின்னால் ஒரு சிறு நிலைப்படுத்தி இருக்கும். அது 10 வோல்ட் அளவை மட்டும் மானிகளுக்கு விடும். பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் அந்த ஒரே நிலைப்படுத்தியிடம் கஞ்சி குடிப்பவை.

இத்தனையையும் எனக்குக் கற்றுத் தந்தவர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் அல்லர். தேயிலை ஆலையின் உலர்த்தும் அறையில் வேலைக்குச் சேர்ந்து, சூடான காற்றின் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கொழுந்தின் பக்குவம் கற்று, பிறகு தோட்டப் பட்டறைக்கு மாறிய முதியவர் ஒருவர். ஆங்கிலக் கையேட்டை அவரால் படிக்க இயலாது. அதிலுள்ள ஒயர்ப் படத்தை மட்டும் ஒரு பலகையில் ஒட்டி வைத்திருந்தார். நிறங்களின் பெயர்களைத் தமிழில் பென்சிலால் எழுதியிருந்தார். அவரிடம் நான் என் பழைய மூன்றாம் தொடர் வண்டியைக் கொண்டு நிறுத்தியபோது என் குறை இதுதான்: முள் எழவே இல்லை.

நான் புதிய மானி வாங்கிவிடலாம் என்றேன். "இருங்க வாத்தியாரே, முள்ளக் கேக்கறதுக்கு முன்னால குழாயக் கேளுங்க" என்று சொல்லி, இயந்திரத்தை ஓடவிட்டு மேல்நீர்க் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இளஞ்சூடுதான். இயந்திரமே சூடேறவில்லையென்றால் முள் எழாதது அதன் குற்றமா? தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவை முன்னாள் உரிமையாளர் கழற்றி எறிந்திருந்தார். சமவெளியில் வண்டி சூடாகிறது என்று அதைக் கழற்றுவது நம் நாட்டில் பலருக்கு வழக்கம். பனி மூடிய மலைக் காலையில் அதன் விளைவு, இயந்திரம் குளிர்ந்தே கிடந்து பெட்ரோலைக் குடிப்பது. கதவைப் போட்ட பின் குழாய் கொதித்தது. முள் மட்டும் இன்னும் அசையவில்லை. ஆக என் வண்டிக்குக் குறை ஒன்றல்ல, இரண்டு.

அடுத்து பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். அது சரியாக நின்றது. ஆகவே நிலைப்படுத்தி நலம். இரண்டு முள்ளும் ஒன்றாகத் தவறினால் முதலில் ஐயுற வேண்டியது நிலைப்படுத்தியையே. அதன் கூட்டுக்கு இரும்புடலோடு நல்ல தொடர்பு இல்லாவிட்டால் முழு மின்னழுத்தமும் பாய்ந்து இரண்டும் அளவுக்கு மேல் காட்டும். பிறகு உணரியின் ஒயரைக் கழற்றி இயந்திரத்தின் இரும்பில் தொட வைத்தார். முள் மெல்ல எழுந்து சூட்டுப் பக்கம் போயிற்று. அங்கு சேருமுன் ஒயரை எடுத்துவிட்டார். நெடுநேரம் வைத்தால் மானியின் கம்பி கருகிவிடும். முள் எழுந்ததனால் மானியும் ஒயரும் குற்றமற்றவை என்று தீர்ப்பாயிற்று. எழாமற் போயிருந்தால் ஒயரையும் மானியையும் தேடியிருக்க வேண்டும். எஞ்சியது உணரி. அதைக் கழற்றிப் பார்த்தபோது மரையைச் சுற்றி வெள்ளை நாடா தடிப்பாகச் சுற்றியிருந்தது. ஒழுகாமலிருக்க யாரோ செய்த நல்லெண்ணம். உணரிக்கு இரும்புடலே திரும்பும் வழி என்றேன் அல்லவா? அந்த நாடா அவ்வழியை அடைத்துவிட்டது. நாடாவை உரித்து மரையைத் துடைத்து முடுக்கினோம். முள் எழுந்தது. செலவு ஒரு தேநீர்.

அன்று மாலை அம்முதியவரிடம் நான் வேறொன்றைக் கேட்டேன். பல ஆண்டுகளாகக் கேட்க எண்ணியிருந்தது.

1981ஆம் ஆண்டின் இறுதி மழைக்காலம். என் தந்தையார் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லேண்ட் ரோவர் ஓட்டுநர். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் லயத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டது. அவரையும் அவருடைய மாமியாரையும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டார். எனக்குப் பதினொரு வயது. விளக்குப் பிடிக்கவென்று நானும் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேட்டில் ஏறுகையில் முள் உயர்ந்தது. தந்தையார் வேகத்தைக் குறைத்தார். சற்று நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது. நானும் பார்த்தேன். "சூடு எறங்கிடுச்சு" என்று பின்னால் திரும்பிச் சொல்லிவிட்டு ஓட்டினார். ஒரு மைல் போயிருக்காது. இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. ரேடியேட்டரின் கீழ்க்குழாய் வெடித்து நீர் முழுவதும் வழியெங்கும் ஒழுகியிருந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை. அப்பெண்ணைப் போர்வையில் கிடத்தி நடந்தே தூக்கிச் சென்றனர். தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

விசாரணையில் தந்தையார் ஒன்றையே சொன்னார்: முள் இறங்கியது. இயந்திரம் சூட்டில் உருகும்போது முள் இறங்குமா என்று கேட்டார்கள். கேட்டவர் கிராணி, சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். முள் ஏறியதைக் கண்டும் கவனியாமல் ஓட்டினார், தப்பிப்பதற்குப் பொய் சொல்கிறார் என்று முடிவாயிற்று. சிறுவன் சொல்லுக்கு மதிப்பேது? வண்டிச் சாவி பறிபோயிற்று. அதன் பின் ஓய்வு பெறும் வரை மருந்தடிக்கும் குழுவில்தான் அவர் வேலை செய்தார். அக்குழந்தையின் பாட்டி எங்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். தந்தையாருக்கு வேலை போனதைவிட அது பெரிதாக இருந்தது என்பதைப் பிற்பாடு உணர்ந்தேன். எனக்கே ஒரு பருவத்தில் ஐயம் வந்துவிட்டது. நான் கண்டது உண்மையில் இறங்கிய முள்தானா என்று. அந்த ஐயத்தை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதியவர் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி இல்லாட்டி முள் எறங்கத்தானே செய்யும்? யாரும் அவங்ககிட்ட சொல்லலியா?" என்றார். உணரி நீரின் வெப்பத்தை உணர்வதற்காக அமைந்தது. நீர் அதனைத் தழுவி நிற்கும்வரைதான் அதன் சொல் செல்லும். நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் அதன் முனை வெறுங்காற்றிலும் ஆவியிலும் தொங்கும். காற்று நீரைப் போல வெப்பத்தை ஏந்தித் தராது. இரும்பு பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும்போதே பெரும்பாலும் முள் இறங்கும். பழுதான மானியன்று, பழுதற்ற மானியே அப்படிக் காட்டும். பட்டறைக்காரர் அனைவரும் அறிந்த செய்தி. விசாரணை மேசையில் மட்டும் அதை அறிந்தவர் இருந்ததில்லை. அறிந்தவரை அழைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு வெப்பம் பற்றிய பாடம். பழைய மானி ஒன்றையும் நிலைப்படுத்தியையும் உணரியையும் பலகையில் பூட்டி, வண்டி மின்கலத்தோடு இணைத்தேன். பாத்திரத்தில் நீர் கொதித்தது. கண்ணாடி வெப்பமானி 95இல் நின்றுவிட்டது கண்டு, புத்தகத்தில் 100 என்றல்லவா இருக்கிறது என ஒரு மாணவி கேட்டாள். அதற்கு விடை சொல்லவே கால் மணி நேரமாயிற்று. பின் உணரியை நீரில் இறக்கினேன், முள் எழுந்தது. நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி ஆவியில் பிடித்தேன். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது; நீர் கொதித்துக்கொண்டே இருந்தது; முள் தயங்கித் தயங்கி இறங்கியது.

விடுமுறையில் அப்பலகையை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். தந்தையாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் சற்று மங்கல். மானியை அவர் முகத்தருகே வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று உணரியை இறக்கியும் தூக்கியும் காட்டினேன். முள் கீழே வந்து படுக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

"இன்னொரு தடவ தூக்கு" என்றார்.